ஃபயர்வோல் போட்டால் வீட்டுக் கணினி பாதுகாப்பாகிவிடுமா?

“பிள்ளை, இதுக்குள்ள ஃபயர்வோல் போட்டிருக்கு எண்டு கடைப் பெடியன் சொன்னவன். இனி ஒருத்தரும் உள்ள வந்து ஒண்டும் எடுக்க ஏலாது தானே?”

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்தபடி அந்த அம்மா என்னிடம் இதைக் கேட்டார். நான் வேறொரு கட்டுரைக்காகத்தான் அங்கு போயிருந்தேன். கதைத்து முடித்து எழும்பும்போது, உயர்தரம் படிக்கும் மகளின் மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இணையப் பாதுகாப்பு மென்பொருள் என்று சொல்லி, அதைப் போட்டுக் கொடுத்த கடையில் எண்ணாயிரம் ரூபா வாங்கியிருக்கிறார்கள். திரையின் கீழ் மூலையில் பச்சை நிறத்தில் ஒரு சின்னம். அது பச்சையாக இருக்கும்வரை பயமில்லை என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கணினிக்குள் இருந்தவற்றைப் பார்த்தபோதுதான் கேள்வியின் கனம் விளங்கியது. 2009 மே மாதம் வட்டுவாகலில் வைத்துக் கடைசியாகக் கண்ட மூத்த மகனின் மூன்று புகைப்படங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு, செஞ்சிலுவைச் சங்கம், பரணகம ஆணைக்குழு, காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் கொடுத்த கடிதங்களின் பிரதிகள், பற்றுச்சீட்டுகள். காணி உறுதியின் பிரதி. இவற்றோடு, ஊரில் உள்ள காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் கொண்ட ஒரு பட்டியல். சங்கத்துக்காக மகள் தட்டச்சு செய்து கொடுத்தது. ஆக, அந்தக் கணினியில் ஒரு வீட்டின் விடயம் மட்டும் இருக்கவில்லை.

அம்மாவின் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில், “அரைவாசி சரி அம்மா” என்பதுதான். மற்ற அரைவாசியைப் பற்றியே இந்தக் கட்டுரை.

ஃபயர்வோல் என்ன செய்கிறது?

தமிழில் தீச்சுவர் என்று எழுதுவார்கள். பேச்சில் ஃபயர்வோல்தான். பெயரைக் கேட்டால் கணினியைச் சுற்றி எழுப்பிய மதில் போலத் தோன்றும். உண்மையில் அது படலையில் நிற்கும் காவலாளி.

இணையத்தோடு இணைந்திருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் இலக்க முகவரி இருக்கிறது. அந்த முகவரியில் இலக்கமிட்ட 65,000க்கும் மேற்பட்ட வாசல்கள் உண்டு. கணினித் துறையில் இவற்றைப் ‘போர்ட்’ என்பார்கள். இணையத்தளம் பார்க்க ஒரு வாசல், கோப்புகளைப் பகிர இன்னொரு வாசல், தொலைவிலிருந்து கணினியை இயக்க வேறொரு வாசல். இவற்றில் பெரும்பாலானவை எப்போதும் மூடியே கிடக்கும். ஏதாவது ஒரு மென்பொருள் உள்ளே இருந்து காது கொடுத்துக்கொண்டிருந்தால் மட்டுமே அந்த வாசல் திறந்திருக்கும்.

காவலாளி இரண்டு விடயங்களைக் கவனிக்கிறார். நாம் கேட்காமல் வெளியிலிருந்து ஒருவர் வாசலைத் தட்டினால் திருப்பி அனுப்புகிறார். நாம் உள்ளிருந்து ஒரு தளத்தைக் கேட்டு, அதற்குப் பதில் வந்தால் உள்ளே விடுகிறார். அழையாத விருந்தாளியைத் தடுப்பதும் அழைத்தவரை விடுவதுமே அவருடைய தொழில். வருபவர் என்ன கொண்டுவருகிறார் என்று பையைத் திறந்து பார்ப்பது பெரும்பாலும் அவருடைய வேலை அல்ல. அந்த வேலையைச் செய்யவேண்டியது வைரஸ் எதிர்ப்பு மென்பொருள். இந்த இரண்டும் ஒரே பொதியில் விற்கப்படுவதால் நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

அது உண்மையில் காப்பாற்றிய காலம்

ஃபயர்வோல் வீண் என்று சொல்லவில்லை. அதன் அருமையை உலகம் அறிந்த ஆண்டு 2003.

அந்த ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி ‘பிளாஸ்டர்’ என்ற புழு வெளிவந்தது. அதற்கு யாரும் எந்த மின்னஞ்சலையும் திறக்கத் தேவையில்லை, எதையும் அழுத்தத் தேவையில்லை. விண்டோஸ் எக்ஸ்பி கணினி இணையத்தோடு இணைந்திருந்தால் போதும். 135ஆம் இலக்க வாசலைத் தட்டி, விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை வழியாகத் தானே உள்ளே வந்தது. சமாதான காலத்தில் இணையக் கடைகளுக்குப் போய்வந்தவர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். திரையில் ஒரு பெட்டி தோன்றும், 60 செக்கன்கள் இறங்குமுகமாக எண்ணும், பிறகு கணினி தானாக நின்று மீண்டும் தொடங்கும்.

கவலைக்குரிய விடயம் என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் ஜூலை மாதமே வெளியிட்டிருந்தது. பலர் அதைப் போடவில்லை. எக்ஸ்பியில் ஒரு ஃபயர்வோலும் இருந்தது. ஆனால், அது இயல்பாக இயக்கப்பட்டிருக்கவில்லை. 2004 ஏப்ரல் இறுதியில் ‘சாசர்’ என்ற இன்னொரு புழு இதே பாணியில் பரவியது. 2004 ஓகஸ்டில் வந்த எக்ஸ்பியின் இரண்டாவது சேவைப் பொதியோடுதான் ஃபயர்வோல் தானாகவே இயங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து வந்த ஒவ்வொரு விண்டோஸிலும் அது இலவசமாக, இயங்கிய நிலையிலேயே இருக்கிறது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. அன்று வீட்டுக் கணினி தொலைபேசி இணைப்பு வழியாக நேரடியாக இணையத்தில் நின்றது. இன்று நடுவில் ரவுட்டர் நிற்கிறது. வீட்டில் ஐந்து தொலைபேசியும் ஒரு கணினியும் இருந்தாலும் வெளியுலகுக்கு பொதுவாக ஒரே முகவரிதான் தெரியும். கேட்காமல் ஒரு பொதி வந்தால், அதை வீட்டில் யாருக்குக் கொடுப்பது என்று ரவுட்டருக்குத் தெரியாது. எனவே, அதை எறிந்துவிடும். இதற்காக அது வடிவமைக்கப்படவில்லை என்றாலும், விளைவில் அதுவும் ஒரு காவல்.

ஆகவே இன்றைய சாதாரண வீட்டில் வெளியிலிருந்து தட்டுபவருக்கு எதிராக ஏற்கனவே இரண்டு காவலாளிகள் இருக்கிறார்கள். ரவுட்டர் ஒன்று, விண்டோஸின் ஃபயர்வோல் மற்றொன்று. எண்ணாயிரம் ரூபா கொடுத்துப் பெறுவது மூன்றாவது காவலாளியை. மூவரும் ஒரே படலையிலேயே நிற்கிறார்கள்.

ஆனால், ரவுட்டர் இருக்கிறதே என்று கணினியின் ஃபயர்வோலை நிறுத்திவிடக்கூடாது. 2017 மே 12ஆம் திகதி ‘வனாக்ரை’ என்ற கப்பம் கேட்கும் மென்பொருள் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. பிரித்தானியாவில் வைத்தியசாலைகள் நோயாளரைத் திருப்பி அனுப்பவேண்டி வந்தது. ஒரு வலையமைப்புக்குள் ஒரு கணினி பிடிபட்டால் போதும், கோப்புகளைப் பகிரும் வாசல் வழியாகப் பக்கத்துக் கணினிகளுக்கும் தாவியது. ரவுட்டருக்கு உள்ளே நடப்பதை ரவுட்டர் தடுக்காது. அதற்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் 14ஆம் திகதி வெளிவந்திருந்தது.

இரண்டு சம்பவங்களிலும் உடனுக்குடன் திருத்தம் போட்டவர்கள் தப்பினார்கள். ஃபயர்வோலை விடவும் முன்னுக்கு நிற்கவேண்டியது இந்தத் திருத்தமே.

நாமே அழைத்து வந்தால்?

இன்று வீட்டுக் கணினிக்குள் வருபவை பெரும்பாலும் தட்டிக்கொண்டு வருவதில்லை. நாமே படலையைத் திறந்து அழைத்து வருகிறோம்.

இதற்கு எங்களைப் போன்ற ஒரு சமூகத்தின் அனுபவம் ஒன்று பதிவாகியிருக்கிறது. இந்தியாவின் தர்மசாலாவில் புலம்பெயர்ந்து வாழும் திபெத்தியர்களின் அலுவலகங்களில் இருந்து தகவல்கள் கசிவதாகச் சந்தேகம் எழுந்தது. கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தின் ‘சிட்டிசன் லாப்’ ஆய்வாளர்களும் அவர்களுடைய சகாக்களும் 2008 நடுப்பகுதியிலிருந்து அதை ஆராய்ந்தார்கள். தலாய் லாமாவின் அலுவலகக் கணினிகளிலேயே உளவு மென்பொருள் இருந்தது. அதன் தடத்தைப் பின்தொடர்ந்தபோது 103 நாடுகளில் 1,295 கணினிகள் அதே வலைக்குள் சிக்கியிருப்பது தெரியவந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கோஸ்ட்நெட்’.

அறிக்கை வெளிவந்தது 2009 மார்ச் 29ஆம் திகதி. அந்த நாட்களில் வன்னியில் இருந்தவர்களுக்குக் கணினியைப் பற்றி நினைக்க நேரமிருக்கவில்லை. இன்று அதைத் திரும்பிப் படிக்கும்போது, அது எங்களுக்கும் எழுதப்பட்டது போலவே இருக்கிறது.

உளவு மென்பொருள் எப்படி உள்ளே வந்தது? மின்னஞ்சலோடு இணைத்த ஆவணமாக. தெரிந்தவர் அனுப்பியது போன்ற ஒரு கடிதம், திபெத்தியரின் போராட்டம் சம்பந்தப்பட்ட தலைப்பு, ஒரு வேர்ட் கோப்பு. அந்தச் சமூகத்தில் யாருமே திறந்து பார்க்கக்கூடிய கோப்பு. திறந்தால் ஆவணமும் தெரியும், பின்னால் சத்தமில்லாமல் உளவு மென்பொருளும் அமர்ந்துகொள்ளும். ஆய்வாளர்கள் அப்படியான ஒரு கோப்பை 34 வைரஸ் எதிர்ப்பு மென்பொருட்களைக் கொண்டு சோதித்தபோது 11 மட்டுமே அதைக் கண்டுபிடித்தன.

உள்ளே வந்த பிறகு அது வெளியிலிருந்து யாரும் தட்டக் காத்திருக்கவில்லை. தானே உள்ளிருந்து வெளியே, தன்னை இயக்குபவரின் கணினியைத் தொடர்புகொண்டது. அந்தத் தொடர்பு சாதாரணமாக ஓர் இணையத்தளத்தைப் பார்ப்பது போன்ற உருவத்திலேயே போனது. படலையில் நிற்கும் காவலாளியின் கண்ணுக்கு, வீட்டுக்காரர் கடைக்குப் போவது போல. பிறகு கோப்புகளை எடுக்கலாம், கணினியின் கமராவையும் ஒலிவாங்கியையும் கூட இயக்கலாம்.

“காணாமல் ஆக்கப்பட்டோர் பெயர்ப் பட்டியல் வெளியானது”, “காணி விடுவிப்பு: உங்கள் கிராமம் உள்ளதா பாருங்கள்” என்ற தலைப்போடு வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ ஒரு கோப்பு வந்தால் எங்களில் எத்தனை பேர் திறக்காமல் இருப்போம்? எங்களுடைய தேடலே எங்களைப் பிடிக்கும் தூண்டிலாக முடியும் என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

கட்டணம் வாங்கும் ஃபயர்வோல்கள் இதற்கும் மருந்து சொல்கின்றன. உள்ளிருந்து வெளியே போகும் தொடர்புகளையும் கண்காணிப்போம், புதிதாக ஏதாவது வெளியே போக முயன்றால் உங்களிடம் அனுமதி கேட்போம் என்கின்றன. விண்டோஸின் ஃபயர்வோல் வெளியே போவதை இயல்பாகத் தடுப்பதில்லை என்பதால் இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. விடயம் தெரிந்த ஒருவருக்கு இது பயன்படும். வீட்டிலோ, விளங்காத ஒரு பெயரைப் போட்டு ‘அனுமதிக்கலாமா’ என்று நாளுக்குப் பத்துத் தடவை கேட்டால், மூன்றாம் நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்றுதான் அழுத்துவோம். ஒரு தடவை ‘இல்லை’ என்று அழுத்தி, சூம் வகுப்பு வேலை செய்யாமல் போனால் பிறகு அந்தப் பக்கமே போகமாட்டோம். கெட்டிக்கார உளவு மென்பொருள் தன் பெயரில் வெளியே போவதும் இல்லை. ஏற்கனவே அனுமதி பெற்ற பிரவுசரின் முதுகில் ஏறிப் போய்விடும்.

காவலாளி அதே வீட்டில்தான் படுக்கிறார்

கணினியில் போடும் ஃபயர்வோலுக்கு ஒரு அடிப்படைப் பலவீனம் இருக்கிறது. அது காக்கவேண்டிய அதே கணினிக்குள்தான் அதுவும் ஒரு மென்பொருளாக ஓடுகிறது. கணினியின் நிர்வாகி அதிகாரத்தோடு ஒரு தீய மென்பொருள் உள்ளே வந்துவிட்டால், அதனால் ஃபயர்வோலை நிறுத்தலாம், தனக்கென ஒரு வாசலைத் திறந்துகொள்ளவும் செய்யலாம். 2008 நவம்பரில் வெளிவந்து உலகம் முழுவதும் பரவிய ‘கொன்ஃபிக்கர்’ புழு விண்டோஸின் தானியங்கித் திருத்தங்களையும் பாதுகாப்புச் சேவைகளையும் நிறுத்திவிட்டே தன் வேலையைத் தொடர்ந்தது. அது வலையமைப்பு வழியாக மட்டுமல்ல, பென்ட்ரைவ் வழியாகவும் தொற்றியது. பென்ட்ரைவ் படலையால் வருவதில்லை. நாமே மடியில் கட்டிக்கொண்டு வருகிறோம்.

காவலாளியே வாசலான கதையும் உண்டு. 2004 மார்ச்சில் ‘விட்டி’ என்ற புழு, ‘பிளக் ஐஸ்’ உள்ளிட்ட, ஒரே நிறுவனத்தின் ஃபயர்வோல் மென்பொருட்களில் இருந்த ஓட்டை வழியாகவே புகுந்தது. அந்த ஃபயர்வோலைப் போடாத கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. போட்டிருந்த சுமார் 12,000 கணினிகள் ஒரு மணித்தியாலத்துக்குள் பிடிபட்டன. வன்தட்டில் இருந்தவற்றையும் புழு கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது. ஓட்டை பற்றிய அறிவித்தல் வெளிவந்து ஒன்றிரண்டு நாட்களுக்குள் இது நடந்து முடிந்தது. அரிதான சம்பவம்தான். ஆனாலும் கூடுதலாக ஒரு மென்பொருள் என்றால் கூடுதலாக ஒரு வாசல் என்பதை அது காட்டிவிட்டுப் போனது.

எங்கள் வீடுகளில் நடப்பது

அம்மாவின் கணினியைத் திறந்து பார்த்தேன். விண்டோஸ் களவுப் பிரதி. வேர்டும் அப்படியே. இப்படியான களவுப் பிரதிகளை இயக்க ‘கிராக்’ என்ற ஒரு சிறு மென்பொருள் வேண்டும். அதைப் போடும்போது முதலாவது அறிவுறுத்தலே வைரஸ் எதிர்ப்பையும் ஃபயர்வோலையும் நிறுத்து என்பதுதான். யார் எழுதியது என்று தெரியாத ஒன்றுக்கு நிர்வாகி அதிகாரத்தைக் கொடுத்து, காவலாளியையும் வெளியே அனுப்பிவிட்டு, பிறகு எண்ணாயிரம் ரூபாவுக்குப் புதிய காவலாளியை வைத்திருக்கிறார்கள். அதற்கிடையில் உள்ளே யார் வந்தார் என்று எவருக்கும் தெரியாது. களவுப் பிரதி பிடிபட்டுவிடும் என்ற பயத்திலும் டேட்டா முடிந்துவிடும் என்ற கவலையிலும் திருத்தங்களையும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

இது அந்த ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. அசல் விண்டோஸ் வாங்கக் காசில்லாத வீடுகள், வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய பழைய மடிக்கணினிகள், போட்டோக் கொப்பிக் கடையில் அச்செடுக்கக் கொண்டுபோய் வரும் பென்ட்ரைவ்கள், வீட்டில் எல்லோரும் பாவிக்கும் ஒரே கணக்கு. இதற்கு மக்களைக் குறை சொல்லமுடியாது. எல்லாவற்றையும் இழந்து வந்து மீண்டும் தொடங்கிய வீடுகளில் கணினியே ஒரு பெரிய முதலீடு. ஆனால், அந்த வறுமையின் மேல் ஒரு பச்சைச் சின்னத்தை வைத்து ‘இனிப் பயமில்லை’ என்று விற்பதைத்தான் கேள்வி கேட்கவேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. “வெளிநாட்டிலிருந்து உங்களுக்குப் பொதி வந்திருக்கிறது”, “ஆறு இலக்கக் குறியீட்டைச் சொல்லுங்கள்” என்று வரும் ஏமாற்று அழைப்புகளுக்கும் ஃபயர்வோலுக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே திறக்கப்படுவது கணினியின் வாசல் அல்ல. மகன் காசு அனுப்பியிருப்பானோ என்ற எதிர்பார்ப்பின் வாசல்.

கையோடு எடுத்துச் சென்றால்?

“ஒருத்தரும் எடுக்க ஏலாது தானே?” என்று அம்மா கேட்டபோது, அவர் மனதில் இருந்தது இணையத்தில் வரும் திருடன் மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான விசாரணைகளில் தொலைபேசிகளும் கணினிகளும் எடுத்துச் செல்லப்பட்ட அனுபவம் வடக்கு கிழக்கில் செயற்பாட்டாளர்களுக்கும் ஊடகவியலாளர்களுக்கும் புதிதல்ல. வீடு உடைத்துத் திருடுபவர் இருக்கிறார். திருத்தக் கொடுத்த கடையில் வன்தட்டைப் பிரதியெடுப்பவரும் இருக்கலாம்.

இந்த எந்தச் சந்தர்ப்பத்திலும் ஃபயர்வோலால் எதுவும் செய்யமுடியாது. கணினியைக் கையில் வைத்திருப்பவர் வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால், விண்டோஸ் கடவுச்சொல்லையும் தாண்டி எல்லாக் கோப்புகளையும் பார்க்கலாம். இதற்கு இருக்கும் ஒரே தடுப்பு, வன்தட்டையே குறியாக்கம் செய்வது. விண்டோஸின் ‘புரோ’ பதிப்பில் ‘பிட்லொக்கர்’ இருக்கிறது. ‘வெராக்ரிப்ட்’ என்ற மென்பொருள் இலவசம். கடவுச்சொல் இல்லாமல் திறந்தால் உள்ளே இருப்பது வெறும் கிறுக்கல்தான். ஆனால், கடவுச்சொல்லை மறந்தால் உங்களுக்கும் அது கிறுக்கல்தான். எழுதி வேறு இடத்தில் பத்திரப்படுத்தாமல் இதைச் செய்யக்கூடாது.

கேள்வி கேட்டு நிற்பவருக்குக் கடவுச்சொல்லைச் சொல்லவேண்டிய நிலைமை வந்தால் குறியாக்கமும் உதவாது. ஆகவே இன்னொரு கேள்வியையும் கேட்கவேண்டும். இந்தப் பட்டியல் இந்தக் கணினியில் இருக்கத்தான் வேண்டுமா? சங்கத்தின் பட்டியல் மகளின் படிப்புக் கணினியில் தங்கியிருக்கத் தேவையில்லை. வேலை முடிந்ததும் குறியாக்கம் செய்த ஒரு டிரைவுக்கு மாற்றி, இதிலிருந்து அழித்துவிடலாம். இல்லாததை யாரும் எடுக்கமுடியாது.

இரண்டு பைகள்

திருட்டை விடவும் அதிகம் நடப்பது இழப்பு. வன்தட்டு பழுதாகும், மின்னல் அடிக்கும், பிள்ளை தவறி அழித்துவிடும்.

2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் ‘கிளவுட்’ கட்டமைப்பே கப்பம் கேட்கும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துத் தரவுகள் திரும்பக் கிடைக்கவில்லை. காரணம், அந்தக் காலத்துக்குப் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. காலாவதியான மின்னஞ்சல் மென்பொருளும் பாவனையில் இருந்தது. ஓர் அரசாங்கத்துக்கே இதுதான் நிலைமை.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்.

“இடம்பெயரேக்க நாங்கள் ஐடென்டி காட், பேர்த் செட்டிபிக்கட், படங்கள் எல்லாத்தையும் ஒரு பையில வைக்கேல்ல பிள்ளை. பாதி என்ர பையில, பாதி தங்கச்சீன்ர பையில. ஒருத்தர் இல்லாமல் போனாலும் மற்ற ஆளிட்ட இருக்குமெண்டு. தங்கச்சீன்ர பைதான் வந்து சேர்ந்தது. இந்த மூண்டு படமும் அதுக்குள்ள இருந்தது.”

கணினிப் பாதுகாப்புப் பற்றி நிபுணர்கள் எழுதும் முதலாவது விதி இதுதான். முக்கியமானவற்றின் பிரதிகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கவேண்டும், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கவேண்டும். எங்களுடைய அம்மாக்களுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அப்படியானால் என்ன செய்வது?

முக்கியத்துவத்தின் வரிசையில் சொல்கிறேன்.

1. பிரதி எடுங்கள். புகைப்படங்கள், கடிதங்கள், உறுதிகள் ஆகியவற்றை இரண்டு வெளி டிரைவ்களில் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். பிரதி எடுத்ததும் டிரைவைக் கழற்றிவிடுங்கள். செருகியபடியே இருந்தால் கப்பம் கேட்கும் மென்பொருள் அதையும் சேர்த்தே பூட்டும்.

2. திருத்தங்களை நிறுத்தாதீர்கள். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியிலும் முடிந்துவிட்டன. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றுக்கு ‘லினக்ஸ் மின்ட்’, ‘உபுண்டு’ போன்ற இலவச இயங்குதளங்கள் களவுப் பிரதியை விடப் பல மடங்கு நல்லவை.

3. கிராக் செய்த மென்பொருட்களை நீக்குங்கள். வேர்டுக்குப் பதிலாக ‘லிப்ரே ஒபிஸ்’ இலவசமாகக் கிடைக்கிறது. கிராக் போட்டிருந்த கணினியில், பிரதிகளை எடுத்த பின்னர், இயங்குதளத்தையே புதிதாகப் போடுவதுதான் பாதுகாப்பு.

4. நாளாந்தப் பாவனைக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத ஒரு சாதாரணக் கணக்கை உருவாக்குங்கள். தவறாக ஒன்றை அழுத்தினாலும் சேதம் குறையும்.

5. மின்னஞ்சல், பேஸ்புக், வட்ஸ்அப் மூன்றிலும் இரண்டு கட்ட உறுதிப்படுத்தலை இயக்குங்கள். குறியீட்டைக் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்லாதீர்கள்.

6. எதிர்பாராமல் வந்த கோப்பைத் திறக்கும் முன்னர், அனுப்பியவருக்கு அழைப்பெடுத்துக் கேளுங்கள். கோஸ்ட்நெட் போன்ற ஒரு தந்திரத்தை ஒரு நிமிட அழைப்பு முறியடித்துவிடும்.

7. ரவுட்டரோடு வந்த நிர்வாகிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

8. விண்டோஸின் ஃபயர்வோல் இயங்குகிறதா என்று பாருங்கள். பொது வைஃபையில் இணையும்போது ‘பப்ளிக்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். அதற்கு மேல் ஒரு ஃபயர்வோலைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

ஃபயர்வோல் கடைசியில் வந்திருப்பது அது தேவையற்றது என்பதால் அல்ல. பெரும்பாலும் ஏற்கனவே அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பதால்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் போனேன். மகளும் நானும் இருந்து கோப்புகளை மட்டும் இரண்டு டிரைவ்களில் பிரதி எடுத்தோம். கணினியை முழுவதும் அழித்து லினக்ஸ் மின்ட் போட்டோம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதங்கள் முதலில் விளங்காத குறிகளாகத் திறந்தன. எழுத்துருவையும் ஏற்றியதும் ஒவ்வொன்றாகத் தமிழில் தெரிந்தன. சங்கத்தின் பட்டியலைக் குறியாக்கம் செய்து டிரைவில் வைத்து, கணினியிலிருந்து எடுத்துவிட்டோம்.

“அப்ப அந்த எண்ணாயிரம் வீணோ பிள்ளை?” என்று அம்மா கேட்டார்.

வீண்தான் என்று சொல்ல மனம் வரவில்லை. பொய் சொல்லவும் மனம் வரவில்லை. “அது செய்யிற வேலையை விண்டோஸே சும்மா செய்யும் அம்மா” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, ஒரு டிரைவை எடுத்து அலுமாரியில் இருந்த பழைய ஆவணப் பைக்குள் வைத்தார். மற்றதைப் பொலித்தீனில் சுற்றி மேசையில் வைத்தார். வவுனியாவில் இருக்கும் தங்கை அடுத்த கிழமை வருகிறாராம்.